மூன்று முழ நெற்றி

19 ஆகஸ்ட் 1969, செவ்வாய்

ஆவணி பிறந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பஸ் கல்யாணக் கூட்டம் வந்து இறங்குகிறது. எல்லாருக்கும் முகூர்த்தப் பட்டு வேண்டும். எங்கள் வீட்டிலும் ஒரு கல்யாணம் ஆகவேண்டும், என் தங்கை அலமுவுக்கு. திருப்புட்குழியிலிருந்து வந்த வரன் ஏறக்குறையக் கூடிவிட்ட மாதிரிதான். ஆவணி முடிவதற்குள் பெண் பார்க்க வருகிறார்கள். அலமுவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது சமையல்கட்டுக் கதவிடுக்கு வழியாகவாவது பார்த்துவிட வேண்டும். இப்போதைக்கு எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அண்ணன் டாக்கீஸிலிருந்து பழைய சினிமா நோட்டீஸ் ஒரு கட்டு கொண்டுவந்தான். ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். முன்பக்கம் கத்திச் சண்டை, பின்பக்கம் என் புலம்பல்.

21 ஆகஸ்ட், வியாழன்

நாளை படம் மாறுகிறது. படப்பெட்டியோடு போஸ்டர்களும் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டன. அண்ணன் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தான். கதாநாயகன் கோட்டு போட்டுக்கொண்டு ஆடுகிறான். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். ஒரு மூலையில் மோட்டார் கார், இன்னொரு மூலையில் குழந்தை, குழந்தைக்குக் கீழே துப்பாக்கி.

"எப்படிமா இருக்குது?" என்றான்.

"குரூப் போட்டோ மாதிரி இருக்குது. யாரைப் பாக்கறதுன்னே தெரியல" என்றேன்.

எனக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. வீட்டுக்காரர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. போஸ்டர் பார்க்க டிக்கெட் வேண்டாமே! அண்ணன் தர்மன் டாக்கீஸுக்குப் பேனர் எழுதுகிறவன். அவனுக்குக் காடாத்துணியில் கட்டம் போட்டுக் கொடுப்பது நான், எழுத்துக்குள் சாயம் நிரப்புவதும் நான். அதனால் எனக்கென்று சில கொள்கைகள் உண்டு. மஞ்சளில் சிவப்பு எழுத்து என்றால் ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கலாம். வாய் திறந்து சிரிக்கிற முகத்தைப் பெரிதாக எழுதக்கூடாது, பல்லெல்லாம் கருங்கல் சுவராகிவிடும். ரத்தம் கொஞ்சம் இருந்தால் பயம், நிறைய இருந்தால் வெற்றிலைச் சாறு. போன வருஷம் ஒரு பேய்ப் படத்துக்குப் பள்ளிக்கூடத்து எதிர்ச்சுவரில் மண்டையோடு ஒட்டினார்கள், மறுநாளே சாணி அடித்திருந்தது. ஒரே ஒரு முகம், அதுவும் நம்மைப் பார்க்காத முகம் — அதுதான் போகிற ஆளை நிறுத்தும்.

மாட்டுக்கு இந்தக் கொள்கையெல்லாம் கிடையாது. பசை நன்றாக இருந்தால் கதாநாயகனையும் தின்னும், வில்லனையும் தின்னும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

டாக்கீஸ் மேனேஜர் சபாபதி வீட்டுக்கே வந்துவிட்டார். கொட்டகை காற்று வாங்குகிறதாம்.

"போஸ்டர்ல ஆளு கோட்டு போட்டுக்கினு ஆடுறாரு. தாய்மாருங்க எப்படிபா வருவாங்க? படத்துல பாதி அழுகை. அந்த அழுகை வெளிய தெரியணும். அந்தப் பொண்ணு தாலியறுத்து நிக்குது பாரு, அத பெருசா எழுதி பஸ் முனையில நிறுத்து."

"அந்த சீனுக்கு ஸ்டில் போட்டோ வரலியே சார்" என்றான் அண்ணன்.

"படத்தப் பாத்து எழுதேன். உனக்குத் தெரியாததா?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காபி டம்ளரை அலமு கொண்டுபோய் வைத்தாள்.

25 ஆகஸ்ட், திங்கள்

அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தான். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னாணா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லமா. நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

கட்டம் போட என்னைக் கூப்பிடவில்லை. இந்தத் தடவை டாக்கீஸிலேயே வைத்து எழுதிக்கொள்கிறேன் என்றான். எழுத்து நிரப்பக்கூட வேண்டாமாம். அப்படி என்ன ரகசியம்?

27 ஆகஸ்ட், புதன்

அலமு மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அக்கா, நீ பஸ் முனைப் பக்கம் போவாத."

போகாதே என்றால் போகாமல் இருக்க முடியுமா? போனேன்.

என் முகம். பஸ் திரும்புகிற முனையில், பட்டுக்கடைகளுக்கு நேர் எதிரே, மாடி உயரத்துக்கு என் முகம். மூக்கை மட்டும் அந்த நடிகையுடையதாக எழுதியிருக்கிறான். கண் என்னுடையது, கன்னம் என்னுடையது, இடது புருவத்தில் சின்ன வயசில் விழுந்து ஏற்பட்ட வெட்டு — அதையும் விடவில்லை. வெள்ளைப் புடவை போர்த்தியிருக்கிறான். எங்கள் பக்கம் வெள்ளை கட்டுகிற வழக்கம் இல்லை, நான் கட்டுவது சாயம் போன நீலம். அது சினிமாவுக்காக.

நெற்றி மூன்று முழம் இருக்கும். அதில் நிழல் இல்லை, சுருக்கம் இல்லை, ஒரு கோடு இல்லை. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது அந்த வெறும் நெற்றிதான். அதற்கப்புறம்தான் கண்ணுக்கு வருவார்கள். கண் யாரையும் பார்க்கவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்தானே அது!

பூக்கூடைக்காரி ஒருத்தி மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப மேலே பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

நேற்று முழுக்க அண்ணனோடு பேசவில்லை. இன்று காலையில் அவனே வந்து நின்றான்.

"கேட்டிருந்தா நீ ஒத்துக்கினு இருப்பியாமா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அந்தப் பொண்ணு படத்துல நடிக்குது, வேணி. அழுவுது, மார்ல அடிச்சிக்குது. அதைப் பாத்து எனக்கு எழுத வரல. எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி உன்னுதுதான்."

அவனை என்ன செய்வது? ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. கல்யாண வீட்டில், வாசல் நடையில், நல்ல காரியம் எதிலும் எதிரே வரக்கூடாதென்று என்னை உள்ளே தள்ளுகிற ஊர், இப்போது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறது. அதே சமயம் இன்னொன்றும் தோன்றுகிறது, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன் — அவன் இதுவரை எழுதியதிலேயே நல்ல பேனர் இதுதான்.

29 ஆகஸ்ட், வெள்ளி

மேட்னிக்கே பெண்கள் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றதாம். முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டே உள்ளே போகிறார்களாம். சபாபதி அண்ணனுக்கு மாலை போடாத குறை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

நினைத்தேன், இப்படி ஏதாவது வருமென்று. பட்டுக்கடைக்காரர்கள் கும்பலாக டாக்கீஸுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் முகூர்த்தப் புடவை எடுக்க வந்ததாம். பஸ்ஸை விட்டு இறங்கினதும் மணப்பெண்ணின் அம்மா பேனரைப் பார்த்துவிட்டு, "அபசகுனம், இன்னிக்கு வேணாம்" என்று அடுத்த பஸ்ஸிலேயே பெண்ணை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டாளாம். வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தத் தெருவே வேண்டாமென்று வேறு தெருவில் புடவை எடுக்கிறார்களாம்.

படம் பார்க்க வருகிறவளை எது இழுக்கிறதோ, அதுவே புடவை எடுக்க வருகிறவளைத் துரத்துகிறது. ஒரே நெற்றிதான். இரண்டு பேருமே பெண்கள்தான்.

அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். நானா எழுதினேன்?

3 செப்டம்பர், புதன்

அலமுவைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தனசேகரன் தலையே நிமிரவில்லை, நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறான். அவன் அப்பா பரசுராமன்தான் பேசுகிறவர். வழக்கப்படி நான் கொல்லைக் கிணற்றடியில் இருந்துவிட்டேன். அங்கே ஒருவரும் வரமாட்டார்கள் என்றுதான்.

பரசுராமன் கால் கழுவ வந்தார். நான் எழுந்து ஒதுங்கினேன். அவர் வாளியைத் தொடவில்லை, என்னையே பார்த்தார்.

"நீதானாம்மா அது? பஸ் முனையில?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

கால் கழுவாமலே உள்ளே திரும்பிப் போனார். அவர் பேசியது கிணற்றடி வரைக்கும் கேட்டது. "வூட்ல ஒரு பொண்ணு இப்படி இருக்குதுன்னு தரகர் சொன்னாரு, நானும் சரின்னேன். அது யார் வூட்ல இல்ல? ஆனா இப்படி ஊருக்கே எழுதி மாட்டி வெப்பாங்களாபா? நாளைக்கு என் சனங்க கல்யாணத்துக்கு வந்து பஸ்ஸ வுட்டு எறங்கறாங்க. முதல்ல யாரைப் பாப்பாங்க? பொண்ணோட அக்கா தாலியறுத்துக்கினு நிக்கிறத. முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்பறம் பேசிக்கலாம்."

தட்டில் வைத்த பலகாரத்தை யாரும் தொடவில்லை.

4 செப்டம்பர், வியாழன்

அலமு சாப்பிடவில்லை. நானும்.

5 செப்டம்பர், வெள்ளி

பேனரை இறக்க முடியாது என்று சபாபதி அடித்துச் சொல்லிவிட்டார். படம் ஓடுவதே அதனால்தானாம். அவரே வழியும் சொன்னார். "ஒரு பொட்ட வெச்சி வுட்டுடுபா. சுமங்கலி ஆயிட்டா கடைக்காரங்க இன்னா சொல்லப் போறாங்க? உன் சம்மந்தியும் வாயத் தொறக்கமாட்டாரு."

அவ்வளவு சுலபம். வாழ்க்கையில் யாராவது எனக்கு அப்படிச் சொன்னார்களா?

"நீயும் வாமா, என்னால தனியா ஆவாது" என்று அண்ணன் கூப்பிட்டான். போனேன். பேனரை இறக்கி டாக்கீஸ் முற்றத்தில் விரித்திருந்தார்கள். கடைக்காரர்கள் பக்கத்து ஆட்கள் சிலர் சுவரோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சிவப்புச் சாயத்தைக் குழைத்தான். பிரஷ்ஷை எடுத்தான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

பத்தாம் நாள் காரியத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்தவன் அவன்தான். என் பொட்டை அழித்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அழித்ததைப் பார்க்க முடியாதவன் வைப்பானா?

"குடுணா" என்று வாங்கினேன். துணிமேல் நடந்து போய், என் கன்னத்தின் மேலேயே மண்டியிட்டேன். சாயம் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அவன் சோற்றுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, உள்ளே சிவப்பை நிரப்பினேன். எழுத்து நிரப்பிப் பழகிய கை, வெளியே ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அலமு கல்யாணம் நடக்கும், அலமு கல்யாணம் நடக்கும் என்று சொல்லிக்கொண்டே நிரப்பினேன். வெயில். புறங்கையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். பேனர் விவகாரம் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் அம்மா என்னைப் பார்த்ததும் வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி, நெத்தியில இன்னாடி அது?"

கண்ணாடியில் பார்த்தேன். வியர்வையைத் துடைத்தபோது கையிலிருந்த சிவப்பு ஒட்டியிருக்கிறது. சரியாக நடு நெற்றியில்.

அம்மா மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தாள். எரிந்தது. அண்ணனைக் கேட்டேன், "பக்கத்துலயே நடந்து வந்தியே, நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"ஏன்ணா சொல்லல?"

"நல்லா இருந்துச்சுமா" என்றான்.

7 செப்டம்பர், ஞாயிறு

பொட்டு வைத்ததும் முகம் செத்துப்போயிற்று. அலமு முனையில் கேட்டுவந்து சொன்னாள், ஒருத்தி இன்னொருத்தியிடம், "இவ ஏன்டி இப்படி இருக்குறா? புருஷன் அடிச்சிட்டான் போல" என்றாளாம். மேட்னிக்குப் பெண்கள் நிற்கவில்லை. சபாபதி படத்தை வருகிற வியாழக்கிழமையோடு எடுக்கிறார். கடைக்காரர்களுக்குச் சந்தோஷம். திருப்புட்குழிக்கும் அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நினைக்கலாம் இல்லையா?

10 செப்டம்பர், புதன்

சரியாகவில்லை.

பரசுராமன் வந்தார். பேனரைப் பற்றி அவருக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. குறை என்மேல். கடை ஆட்கள் சொன்னது, தெருவில் பார்த்தவர்கள் சொன்னது எல்லாம் திருப்புட்குழிக்குப் போய்விட்டது. "அந்தப் பொண்ணு தானே பொட்டு வெச்சிக்கினு தெருவுல நடந்துச்சாமே. படத்துக்கு வெச்சிது சரி, தனக்கு எதுக்குமா?" சாயம் ஒட்டியது என்று அண்ணன் சொன்னான். "இருக்கட்டும்பா. நான் நம்பறேன். என் சனங்க நம்பணுமே" என்றார். மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஐப்பசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமாம். அதற்கு முன் நான் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும். உள்ளே, கொல்லையில், கதவுக்குப் பின்னால் என்பதெல்லாம் இப்போது போதாது. இந்த முகம் ஊருக்குத் தெரிந்த முகம் ஆகிவிட்டது.

அவர் போனதும் அம்மாவிடம் கேட்டேன், "நீயும் தாலி இல்லாதவதானே, உன்னை ஏன் சொல்லல?"

"நான் கெழவிடி. என்னைப் பாத்து யார் பயப்படப் போறாங்க? உன் வயசுதான் அவங்களுக்குப் பயம்." சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை நாள் வராத அழுகை.

"அக்கா இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று அலமு ஆரம்பித்தாள். ஓங்கி ஒன்று வைத்தேன். இவ்வளவும் எதற்காகவாம்? அறைந்த கை இன்னும் வலிக்கிறது.

14 செப்டம்பர், ஞாயிறு

செவிலிமேட்டுக்கு வந்துவிட்டேன். சமண நயினார் வீடு ஒன்றின் பின்பக்கத்து ஓட்டு அறை. வீட்டுக்கார அம்மாள் கனகமாலா ஒன்றும் விசாரிக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், அதற்கேற்றாற்போல் சமைக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அந்த வேலைதான் எனக்கு.

அண்ணன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கிளம்பும்போது, "ஒரு மூஞ்சி எழுதிப் போட்டேன், வூடே போச்சு" என்றான். "போடா, எழுதினதுல அதான் நல்லாருந்துது" என்றேன். அண்ணனை நான் "டா" போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை. அவன் சிரிக்கவும் இல்லை.

2 அக்டோபர்

ஒன்றுமில்லை. சமைத்தேன்.

18 அக்டோபர், சனி

மழை பிடித்துக்கொண்டது. ஓடு ஒழுகுகிறது. பாயை எந்த மூலையில் போட்டாலும் நனைகிறது. பார்க்க வந்த அண்ணன் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனான். சாயங்காலம் சைக்கிளில் ஒரு துணிச்சுருளை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். பழைய பேனர். வழக்கமாக வெள்ளையடித்து அடுத்த படம் எழுதிவிடுவான். இதில் மட்டும் அவனுக்கு மனசு வரவில்லையாம்.

ஓட்டுக்கு அடியில் குறுக்கே கயிறு கட்டி இழுத்துவிட்டான். "சாயப் பக்கம் உள்ள இருக்கட்டும்மா. வெளிய தெரிஞ்சா எவனாச்சும் எதாச்சும் சொல்லுவான்."

அவன் இப்போது எழுத்து மட்டும்தான் எழுதுகிறானாம். முகம் எழுத வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம்.

ஒழுகல் நின்றுவிட்டது. படுத்தால் எனக்கு நேர் மேலே நான். பொட்டோடு.

12 நவம்பர், புதன்

தீபாவளி போயிற்று. நாளை காலை அலமுவுக்கு முகூர்த்தம். அண்ணன் நேற்று வந்து, கூறைப்புடவை என்ன நிறம் என்று சொன்னான். அரக்கு, மாம்பழக் கரை. அவள் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும். அதே பஸ் முனைக் கடையில்தான் எடுத்தார்களாம். எதிரே இப்போது புதுப்படத்துக்கு இரண்டு பேர் கத்தி பிடித்து நிற்கிறார்களாம். யாரும் முகம் திருப்புவதில்லையாம்.

13 நவம்பர், வியாழன்

காலையிலேயே குளித்தேன். கனகமாலா அம்மாள் இன்று அடுப்பங்கரைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இன்று முகூர்த்தம் என்று அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அறையிலேயே எனக்கென்று உலை வைத்தேன்.

இங்கிருந்து மேளம் கேட்காது, தூரம். மழை வேறு. எந்த நேரத்தில் தாலி ஏறியது என்று தெரியவில்லை, குத்துமதிப்பாக வைத்துக்கொண்டேன். பானையிலிருந்து ஒரு கை அரிசி எடுத்தேன். மஞ்சள் கலக்கவில்லை. நடு அறையில் நின்று, நன்றாக இரு அலமு என்று சொல்லி, மேலே போட்டேன்.

அது அந்த நெற்றியில் பட்டுத் திரும்ப என் தலைமேலேயே விழுந்தது.

தலையிலிருந்து உதறிவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து, தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி, கழுவி, உலையில் போட்டேன்.